ஒரு பூனையின் நீரிழிவு
(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல், விலங்கியல்)

முன்னுரை

எங்கள் ஊர் புள்ளலூர். காஞ்சிபுரம் மாவட்டத்துச் சிற்றூர்களுள் ஒன்று. வரலாறு பயிலும் மாணவர்கள் இப்பெயரை இரண்டு இடங்களில் படித்திருப்பர். முதலாம் மகேந்திரவர்ம பல்லவன் புள்ளலூரில் பகைவரை வென்றான் என்று காசக்குடிச் செப்பேடு கூறுகின்றது. 1780 செப்டம்பர் 10-ஆம் நாள் கர்னல் பெய்லியின் ஆங்கிலப் படையை ஹைதர் அலியும் திப்பு சுல்தானும் முறியடித்த களமும் இதுவே. ஆங்கிலேயர் எழுதிய நூல்களில் 'பொள்ளிலூர்' என்று வரும். நான் எழுதப் புகுவது அப்போர்களைப் பற்றியன்று. அவ்வூரில் எங்கள் வீட்டுத் திண்ணையில் படுத்திருக்கும் செவலை என்னும் ஆண் பூனைக்கு வந்த நீரிழிவு நோயைப் பற்றியும், அந்நோயோடு நீர்க்கடுப்பும் சேர்ந்தபோது நான் செய்த ஒரு பிழையைப் பற்றியும் எழுதுகிறேன். விலங்கியல் பயிலும் நண்பர்களுக்கும், வீட்டில் சர்க்கரை நோயாளி உள்ளவர்களுக்கும் இது பயன்படும் என்று நம்புகிறேன்.

எறும்பு காட்டிய நோய்

செவலை என் ஆயாவின் பூனை. ஆயாவுக்குப் பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உண்டு; காலையும் மாலையும் இன்சுலின் போட்டுக்கொள்கிறார். செவலைக்கு அப்போது பத்து வயது. நாள்தோறும் பால்சோறு தின்று நன்றாகக் கொழுத்திருந்த பூனை, சில வாரங்களில் முதுகெலும்பு தெரிய இளைத்துவிட்டது. ஆனால் பசி குறையவில்லை. தொட்டித் தண்ணீரை நின்று நின்று குடித்தது. புழக்கடை மணலில் அது சிறுநீர் கழித்த இடத்தில் எறும்பு மொய்ப்பதை முதலில் கண்டவர் ஆயாதான்.

"இன்னா கண்ணு, இதுக்கும் என்னாட்டமே சக்கரை வந்துட்டுது போல" என்றார். நான் சிரித்தேன். பூனைக்காவது சர்க்கரை நோயாவது என்று எண்ணினேன். எழுதப் படிக்கத் தெரியாத ஆயா சொன்னதுதான் சரியாயிற்று. சிறுநீரில் எறும்பு மொய்ப்பதைக் கொண்டு இந்நோயை அறிவது நம் நாட்டுப் பண்டை மருத்துவரும் அறிந்திருந்த முறையாகும்.

மாட்டாஸ்பத்திரி என்று ஊரார் அழைக்கும் கால்நடை மருந்தகத்திற்குச் செவலையைச் சாக்குப்பையில் போட்டுக் கொண்டுபோனோம். இரத்தச் சர்க்கரை 412 மில்லிகிராம் என்று கருவி காட்டியது. ஆனால் மருத்துவர் அதை மட்டும் நம்பவில்லை. அச்சமுற்ற பூனையின் இரத்தத்தில் சர்க்கரை தானே உயரும். நோயில்லாத பூனைக்கும் அச்சத்தால் 300-ஐத் தாண்டுவதுண்டு. ஆகவே சிறுநீரிலும் சர்க்கரை இருக்கிறதா என்று பார்த்தார். முந்திய இரண்டு, மூன்று வாரங்களின் சராசரி நிலையைக் காட்டும் ஃபுரக்டோசமின் என்னும் சோதனைக்கும் இரத்தம் எடுத்தார். மூன்றும் ஒத்து வந்த பின்னரே நோய் உறுதியாயிற்று.

பூனையின் உடற்செயல்

பூனை இயல்பாகவே ஊனுண்ணி. எலியும் மீனும் தின்று வாழப் படைக்கப்பட்ட அதன் கல்லீரல், மாவுப்பொருளை விரைந்து கையாளும் திறன் குறைந்தது. அதற்குப் பால்சோறு ஓயாமல் ஊட்டினால் உடல் பருக்கும். பருத்த உடலில் இன்சுலின் சொல்லும் கட்டளையைத் திசுக்கள் கேட்பதில்லை. கணையம் மேலும் மேலும் சுரந்து களைத்துப்போகும். லாங்கர்ஹான் திட்டுகளில் அமிலாய்டு என்னும் புரதம் படிந்து, இன்சுலின் சுரக்கும் செல்கள் அழியும். முதிய மனிதர்களுக்கு வரும் இரண்டாம் வகை நீரிழிவை இது பெரிதும் ஒத்தது. பருத்த ஆண் பூனைகளுக்கே இந்நோய் மிகுதி.

இரத்தச் சர்க்கரை ஏறக்குறைய 250 மில்லிகிராமைத் தாண்டும்போது பூனையின் சிறுநீரகத்தால் அதனைத் தடுத்து நிறுத்த இயலாது. சர்க்கரை சிறுநீரில் இறங்கும். தன்னோடு நீரையும் இழுத்துச் செல்லும். ஆகவே சிறுநீர் பெருகும். அதனால் தாகம் பெருகும். உண்ட உணவு உடலில் ஒட்டாமல் வெளியேறுவதால் பசியோடே இளைப்பும் தோன்றும்.

இன்சுலின் வந்த வரலாறு

இந்நோய்க்கும் கணையத்திற்கும் உள்ள தொடர்பு ஒரு நாயால் தெரியவந்தது. 1889-இல் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் மின்கோவ்ஸ்கி, வான் மேரிங் என்னும் இருவர் ஒரு நாயின் கணையத்தை அகற்றினர். அந்நாய் ஓயாமல் சிறுநீர் கழித்தது. அதில் சர்க்கரை இருந்தது. 1921-இல் கனடாவின் டொராண்டோவில் பேண்டிங்கும் பெஸ்டும் கணையச் சாற்றை நாய்களுக்குச் செலுத்திச் சர்க்கரையைக் குறைத்துக் காட்டினர். 1922 ஜனவரி 11-ஆம் நாள் லியோனார்டு தாம்சன் என்னும் பதினான்கு வயதுச் சிறுவனுக்கு முதல் ஊசி போடப்பட்டது. சாறு தூய்மையாக இல்லாமையால் பயன் சிறிதே. காலிப் என்பவர் தூய்மை செய்து தந்த சாற்றை ஜனவரி 23-இல் செலுத்தியபோதுதான் சிறுவன் தேறினான். 1923-இல் பேண்டிங்குக்கும் மெக்லியாடுக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

இன்சுலின் 51 அமினோ அமிலங்களால் ஆன புரதம். அவற்றின் வரிசையைக் கண்டறிந்த சாங்கர் 1958-இல் நோபல் பரிசு பெற்றார். 1969-இல் அதன் முப்பரிமாண வடிவைக் கண்ட டாரதி ஹாட்ஜ்கின் அம்மையாரின் குழுவில் எம். விஜயன் என்னும் இந்திய அறிவியலாளரும் இருந்தார் என்பது நமக்குப் பெருமை. வியப்பு யாதெனில், பூனையின் இன்சுலினுக்கும் மாட்டின் இன்சுலினுக்கும் உள்ள வேறுபாடு அந்த 51-இல் ஒன்றே ஒன்று. மனித இன்சுலினோடு ஒப்பிட்டால் நான்கு. இவ்வளவு நெருங்கிய உறவினால்தான் ஆயாவுக்குப் போடும் மருந்தின் இனமே செவலைக்கும் பயன்படுகிறது.

நம் மாநிலத்தில் மனிதர்க்கான நீரிழிவுச் சிறப்புப் பிரிவு சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் 1948-இல் டாக்டர் எம். விசுவநாதனால் தொடங்கப்பட்டது. விலங்கு மருத்துவத்திற்கோ 1903-இலேயே வேப்பேரியில் கால்நடை மருத்துவக் கல்லூரி தோன்றிவிட்டது. அக்கல்லூரியைக் கொண்டே 1989-இல் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் அமைந்தது.

அளவும் ஊசிக்குழலும்

மருத்துவர் செவலைக்குக் கிளார்ஜின் என்னும் நீண்டநேர இன்சுலினை, பன்னிரண்டு மணிக்கு ஒருமுறை ஒரு யூனிட் என்று தொடங்கினார். பின்னர் இரண்டு யூனிட் ஆயிற்று. பால்சோறு நின்றது, மீனும் அவித்த முட்டையும் கோழியும் வந்தன.

இங்கே ஒரு கணக்கைக் கூறியாக வேண்டும். ஆயாவின் குப்பியில் ஒரு மில்லிலிட்டருக்கு 40 யூனிட். அதற்குரிய ஊசிக்குழலுக்குச் சிவப்பு மூடி. செவலையின் குப்பியில் ஒரு மில்லிலிட்டருக்கு 100 யூனிட். அதன் ஊசிக்குழலுக்கு ஆரஞ்சு மூடி. சிவப்பு மூடிக் குழலில் ஒரு கோடு என்பது மில்லிலிட்டரில் நாற்பதில் ஒரு பங்கு. அதில் செவலையின் மருந்தை எடுத்தால் ஒரு கோட்டில் ஒரு யூனிட்டுக்குப் பதில் இரண்டரை யூனிட் ஏறிவிடும். பூனையின் உயிரைப் பறிக்க இது போதும். ஆகவே இரண்டையும் இரு வேறு டப்பாக்களில் வைத்தோம். எங்கள் வீட்டில் குளிர்ப்பெட்டி இல்லை. பிரிக்காத குப்பிகளைப் பக்கத்து வீட்டுக் குளிர்ப்பெட்டியில் வைத்தோம். பயன்பாட்டில் இருப்பதை, ஈரமணல் நிரப்பிய பெரிய மண்சட்டிக்குள் சிறிய சட்டியை இறக்கி அதில் வைத்தோம். நீர் ஆவியாகும்போது வெப்பத்தைக் கவர்ந்து செல்வதால் உட்சட்டி குளிர்ந்திருக்கும். இயற்பியல் வகுப்பில் படித்த பாடம் அடுப்படியில் பயன்பட்டது.

நீர்க்கடுப்பு வந்தது

நான்கு மாதம் நன்றாகவே சென்றது. ஒருநாள் மாலை செவலை மணலில் போய் உட்கார்ந்து எழுந்து, மீண்டும் உட்கார்ந்தது. சில சொட்டுகளே வந்தன. அவற்றிலும் இளஞ்சிவப்பு நிறம். கத்திக்கொண்டே அடிவயிற்றை நக்கியது. சர்க்கரை 380.

"உக்காந்துனே இருக்குது, ஒண்ணுத்துக்கு வரமாட்டேங்குது. மருந்த ரெண்டு கோடு ஏத்திப் போடு கண்ணு" என்றார் ஆயா. நான் மருத்துவருக்குத் தொலைபேசினேன். அவர் முதலில் கேட்டது சர்க்கரையைப் பற்றி அல்ல. "சொட்டாவது வருதா, இல்ல சுத்தமா வரலையா? இங்க பாரும்மா, கிடா பூனைக்குக் குழாய் அடைச்சுக்கிட்டா விடியறவரைக்கும் காத்திருக்கக் கூடாது" என்றார். ஆண் பூனையின் சிறுநீர்க் குழாய் மிகக் குறுகலானது. அது அடைபட்டால் பொட்டாசியம் இரத்தத்தில் பெருகி ஓரிரு நாளில் இதயம் நின்றுவிடும். நல்வாய்ப்பாகச் செவலைக்குச் சிறுநீர் வந்துகொண்டிருந்தது.

மறுநாள் காலை மருத்துவர், வயிற்றின் வழியே மெல்லிய ஊசியைச் செலுத்தி, சிறுநீர்ப்பையிலிருந்து நேரே சிறுநீரை எடுத்தார். தரையில் விழுந்ததை எடுத்தால் தரையின் கிருமியும் அதில் சேர்ந்துவிடும். கீட்டோன் இருக்கிறதா என்று பட்டையைத் தோய்த்துப் பார்த்தார், இல்லை. மீதியைப் பனிக்கட்டி வைத்த பிளாஸ்கில் இட்டு, கிருமி வளர்ப்புச் சோதனைக்காக அப்பா பேருந்தில் சென்னைக்குக் கொண்டுபோனார். அன்று அவருக்கு ஒருநாள் கூலி போயிற்று.

பூனைகளுக்கு வரும் நீர்க்கடுப்பு எல்லாமே கிருமியால் வருவதன்று. அச்சம், கல், காரணம் விளங்காத அழற்சி எனப் பலவுண்டு. ஆனால் நீரிழிவுள்ள பூனைகளில் ஏறத்தாழப் பத்தில் ஒன்றுக்குச் சிறுநீரில் கிருமி காணப்படுகிறது. நீர்த்துப்போன சிறுநீருக்குக் கிருமியைத் தடுக்கும் ஆற்றல் குறைவு. உயர்ந்த சர்க்கரையால் வெள்ளணுக்களும் சோர்ந்திருக்கும். கிருமி இருந்தும் வலியோ கடுப்போ இல்லாவிடில் பெரும்பாலும் மருந்து வேண்டுவதில்லை. செவலைக்கோ அறிகுறிகள் தெளிவாக இருந்தமையால், சோதனை முடிவு வருமுன்பே அமாக்சிசிலின் வகை மருந்தைத் தொடங்கினார். "இன்சுலின் அளவை மாத்தாதே. சாப்பிடலைன்னா போடறதுக்கு முன்னாடி எனக்குச் சொல்லு" என்றும் எச்சரித்தார்.

நான் செய்த பிழை

நான்காம் நாள் காலையிலும் சர்க்கரை 310 இருந்தது. எனக்குப் பொறுமை இல்லை. உடற்செயலியல் தாளில் வகுப்பில் முதல் மதிப்பெண் பெற்றவள் நான். கிருமித் தொற்று இன்சுலினை எதிர்க்கும் என்று புத்தகத்தில் படித்திருந்தேன். எதிர்ப்பு இருந்தால் அளவைக் கூட்ட வேண்டியதுதானே என்று முடிவு செய்தேன். அன்று மாலை ஏழு மணிக்கு, யாரையும் கேளாமல் இரண்டு யூனிட்டை நான்காக்கிப் போட்டேன். செவலை ஊசிக்கு முன் இரண்டு வாய் மீன்தான் தின்றிருந்தது. பிறகு தின்னும் என்று நினைத்தேன்.

இரவு இரண்டு மணிக்கு ஆயா என்னை எழுப்பினார். செவலை பின்னங்கால் தள்ளாட, சுவரில் முட்டிக்கொண்டு நின்றது. கண் விரிந்திருந்தது, கூப்பிட்டால் திரும்பவில்லை. கருவி 45 என்று காட்டியது. என் கை நடுங்கியது. ஆயாவின் கை நடுங்கவில்லை. தமக்கு மயக்கம் வந்தால் என்ன செய்வாரோ அதையே செய்தார். சர்க்கரையைக் குழைத்து விரலில் தொட்டு அதன் ஈறில் தடவினார். வாயில் ஊற்றவில்லை, ஊற்றியிருந்தால் புரையேறி மூச்சுக்குழலுக்குள் போயிருக்கும். கால் மணிக்கொரு முறை தடவினோம். ஒரு மணி நேரத்தில் தலை தூக்கியது. பின் அவித்த கோழியைத் தின்றது. விடியும்வரை நாங்கள் படுக்கவில்லை. காலையில் மருத்துவரிடம் கொண்டுபோனோம். நடந்ததை மறைக்காமல் கூறினேன். அவர் திட்டவில்லை, ஒரு தாளை எடுத்து வரைந்து விளக்கினார். அது திட்டியதைவிட உறைத்தது.

காரணம் யாது?

கிருமி உடலில் புகுந்தால் உடல் அதனை ஓர் ஆபத்தாகக் கொண்டு கார்டிசால், அட்ரினலின், குளுக்ககான் முதலிய சுரப்புகளைப் பெருக்குகிறது. இவை கல்லீரலிலிருந்து சர்க்கரையை வெளிவிடச் செய்யும். இன்சுலினின் செயலையும் மழுங்கச் செய்யும். ஆகவே முந்தைய அளவு மருந்து போதாததுபோல் தோன்றும். நான் படித்தது இதுவரை சரி.

நான் எண்ணாதது இதன் மறுபாதி. கிருமிக்கொல்லி மருந்து வேலை செய்யச் செய்ய அச்சுரப்புகள் தணியும். மழுங்கியிருந்த இன்சுலின் மீண்டும் கூர்மை பெறும். நேற்றுப் போதாத அளவு இன்று போதும். நேற்றே கூட்டிவைத்த அளவு இன்று உயிரை வாங்கும். அதனோடு, ஊசி போட நான் துரத்திப் பிடித்தபோது ஏறிய சர்க்கரையும் அந்த 310-இல் கலந்திருந்தது. உணவும் உள்ளே போகவில்லை. மூன்றும் சேர்ந்து செவலையைச் சாய்த்தன.

அப்படியானால் உண்ணாத நாளில் இன்சுலினை அடியோடு நிறுத்திவிடலாமா? அதுவும் தவறு. இன்சுலின் இல்லாத உடல் சர்க்கரையை எரிக்க முடியாமல் கொழுப்பை எரிக்கும். கீட்டோன் பெருகி இரத்தம் அமிலமாகும். வாந்தியும் சோர்வும் கண்டு உயிர் போகும். நோயுற்ற நாளில் இவ்விரு பள்ளங்களுக்கும் நடுவேதான் நடக்க வேண்டியிருக்கிறது.

நோயுற்ற நாளில் கொள்ள வேண்டிய முறை

மருத்துவர் சொன்னவற்றை என் குறிப்பேட்டில் எழுதிய வண்ணமே தருகிறேன்.

1. சிறுநீர் வருகிறதா என்பதை முதலில் பார். ஆண் பூனைக்குச் சொட்டும் வராவிடில் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு போ.

2. உணவை முதலில் வை. தின்கிறதா என்று பார்த்த பிறகே ஊசியை எடு. பாதி தின்றாலோ, தின்னாவிட்டாலோ, வாந்தி எடுத்தாலோ அளவை மருத்துவரே கூற வேண்டும். பெரும்பாலும் குறைத்துப் போடச் சொல்வார்.

3. ஊசிக்கு முன் சர்க்கரையைப் பார்த்து நேரத்தோடு எழுதிவை. மனிதருக்கான கருவி பூனையின் இரத்தத்தில் சற்றுக் குறைத்தே காட்டும். எனினும் ஏறுகிறதா இறங்குகிறதா என்பதை அதுவே காட்டும்.

4. ஒரு முறை உயர்ந்த எண்ணைக் கண்டு அளவைக் கூட்டாதே. காரணத்தைத் தேடு.

5. சிறுநீரில் கீட்டோன் கண்டாலோ, பூனை ஒடுங்கிப் படுத்தாலோ காத்திராதே.

6. கிருமிக்கொல்லியைச் சொன்ன நாள்வரை தவறாமல் கொடு. மருந்துக் கடையில் கேட்டு வாங்கிப் போடாதே. என்ரோஃபிளாக்சசின் என்னும் மருந்து அளவு மிஞ்சினால் பூனையின் விழித்திரையைக் கெடுத்துக் குருடாக்கும். காய்ச்சலுக்கு நாம் விழுங்கும் பாரசிட்டமால் பூனைக்கு நஞ்சு. ஒரு மாத்திரையே கொல்லும். ஸ்டீராய்டு மருந்துகள் சர்க்கரையை ஏற்றும்.

7. பூனை தள்ளாடினால் சர்க்கரைக் குழம்பையோ தேனையோ ஈறில் தடவு. பிறகு மருத்துவமனைக்குப் போ.

சென்னையிலிருந்து முடிவு வந்தது. எஸ்செரிச்சியா கோலி என்னும் கிருமி. 1885-இல் எஸ்செரிச் என்பவர் கண்டு கூறிய, குடலில் வாழும் அதே கிருமிதான். தொடங்கிய மருந்துக்கு அது கட்டுப்படுவதாகவும் தெரிந்தது. செவலையின் அளவு ஒரு யூனிட்டாகக் குறைக்கப்பட்டுப் பின் மெல்ல இரண்டுக்கு வந்தது.

ஆயா சொன்னது

இக்கட்டுரையை நான் எழுதத் துணிந்தமைக்குக் காரணம் இனிமேல் கூறுவதே. மருத்துவர் தந்த தாளை அன்று இரவு ஆயாவுக்குப் படித்துக் காட்டினேன். சர்க்கரை உள்ளவர்க்கு நீர்க்கடுப்பு எளிதில் வரும், வந்தால் சர்க்கரை காரணமின்றி ஏறும் என்ற இடத்தில் ஆயா என் கையைப் பிடித்தார்.

"எனக்கும் ரெண்டு மாசமா அப்படித்தான் கண்ணு எரியுது. இத யாருகிட்ட சொல்றது?" என்றார்.

எனக்குப் பேச்சு எழவில்லை. அந்த இரண்டு மாதமும் ஆயாவின் சர்க்கரை ஏறிக்கொண்டே இருந்தது. "வாயைக் கட்டமாட்டேன்ற" என்று அம்மா கடிந்துகொண்டார், நானும் கடிந்துகொண்டேன். அடிக்கடி வெளியே போக வேண்டியிருக்கும் என்று அஞ்சி ஆயா தண்ணீர் குடிப்பதையே குறைத்திருந்தார். பூனையின் சிறுநீரைப் பற்றித் தெருவே பேசியது. தம்முடையதைப் பற்றி வீட்டுக்குள்ளும் சொல்ல ஆயாவுக்கு வாய் வரவில்லை.

மறுநாளே அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றேன். இம்முறை நான் எதையும் முடிவு செய்யவில்லை. என்ன சாப்பிட்டார், சர்க்கரை எவ்வளவு, எத்தனை யூனிட், எப்போது என்று ஒரு வாரக் குறிப்பை எழுதிக் கொண்டுபோய் வைத்தேன். சிறுநீரில் கிருமி இருந்தது. மருந்து கொடுத்தார்கள். கிருமி தணியும்போது சர்க்கரை திடீரென்று இறங்கக்கூடும், ஆகவே நாள்தோறும் பார்க்க வேண்டும் என்று அந்த அம்மா மருத்துவர் சொன்னபோது, ஆயா தலையசைத்து, "தெரியும்மா, எங்க பூனைக்கு அப்படித்தான் ஆச்சு" என்றார். மருத்துவர் நிமிர்ந்து பார்த்தார். பத்து நாளில் ஆயாவின் எரிச்சலும் நின்றது. சர்க்கரையும் பழைய நிலைக்கு வந்தது.

முடிவுரை

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஆகவே வீட்டில் எந்த மருந்துச் சீட்டு வந்தாலும் என் கைக்கே வரும். நான் சொல்வதே முடிவு என்றிருந்தது. நான்கு யூனிட் போட்ட அந்த இரவு, பாதிப் படிப்பு எவ்வளவு ஆபத்தானது என்பதை எனக்குக் காட்டியது. எறும்பைக் கண்டவரும் ஈறில் சர்க்கரை தடவியவரும் ஆயாவே. அளவை எழுதிவைப்பதும், தெரியாததைத் தெரிந்தவரிடம் கேட்பதும், சொல்லக் கூசுவதைச் சொல்லும்படி வீட்டாரிடம் அமர்ந்து பேசுவதும் என்னால் இயலும்.

நண்பர்களே, உங்கள் வீட்டிலும் சர்க்கரை நோயுள்ள பாட்டியோ தாயோ இருக்கலாம். அவர்களுக்குச் சர்க்கரை காரணமின்றி ஏறினால் உணவைக் குறை கூறுமுன் ஒரு சொல் கேளுங்கள்: "நீர் கழிக்கையில் எரிச்சல் உண்டா?" அவர்கள் தாமாகச் சொல்லமாட்டார்கள்.

செவலை இதை எழுதும்போது என் காலடியில் படுத்திருக்கிறது. மணி ஆறேமுக்கால். முதலில் மீன், பிறகுதான் ஊசி.